மைமோனிடிஸ் யாருக்கு ஜாமீன் போட்டார்?

உப்புக்காற்று:
முந்தாநாள் ஏட்டுச்சுவடி இங்கே போட்ட பதிவைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் சொன்ன உடல்நல விதிகள் என்று ஒரு பட்டியல். பசித்தால் மட்டும் சாப்பிடு, தாகம் எடுத்தால் மட்டும் குடி, வயிற்றில் கால் பங்கை நிரப்பாமல் விடு, எட்டு மணி நேரம் தூங்கு, மலம் சிறுநீரை அடக்காதே. இதுவரை சண்டை இல்லை, நல்ல விஷயம்தான். கடைசி வரியில்தான் வினை. இப்படி நடப்பவனுக்குக் கிழவனாகிச் சாகும்வரை நோய் வராது, மருத்துவரே தேவைப்படாது, இதற்கு நான் ஜாமீன் என்று மைமோனிடிஸே எழுதியிருக்கிறார் என்று போட்டு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்.

அங்கே முற்றுப்புள்ளி கிடையாது ஐயா. அவர் எழுதிய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவின் முதல் புத்தகம், குணங்களைப் பற்றிய பகுதி, நாலாவது அத்தியாயம், இருபதாவது விதி. எடுத்துப் பாருங்கள். அதே விதியிலேயே விலக்கும் வருகிறது. பிறவியிலேயே உடல் கெட்டிருந்தால், பிறந்ததிலிருந்தே கெட்ட பழக்கத்தில் ஊறியிருந்தால், கொள்ளைநோயோ பஞ்சமோ வந்தால் இந்த ஜாமீன் செல்லாது. பாதியில் வெட்டினால் அது மைமோனிடிஸ் வாக்கு இல்லை, உங்கள் வாக்கு.

ஏட்டுச்சுவடி:
வெட்டவில்லை, சுருக்கினேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கொள்ளைநோய் வந்தால் எல்லோருக்கும்தான் வரும், அதை எழுதித்தான் தெரிய வேண்டுமா? ஜாமீன் என்ற சொல் அங்கே இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள். எபிரேயத்தில் "அரேவ்" என்ற சொல். கடன் வாங்குகிறவனுக்காகப் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுகிறவனுக்கு அதே சொல்தான். தெரிந்துதான் போட்டார்.

அப்புறம் போட்டவர் யார் என்றும் பாருங்கள். கோர்டோபாவில் பிறந்து, அல்மொஹாத்துகள் என்ற முஸ்லிம் அரச வம்சத்தார் ஊரைப் பிடித்ததால் சின்ன வயதிலேயே வீட்டை விட்டு அலைந்து, மொராக்கோவின் ஃபெஸ், பாலஸ்தீனத்தின் ஆக்கர், கடைசியில் எகிப்தின் ஃபுஸ்தாத் என்று வந்து சேர்ந்தவர். எகிப்தை ஆண்ட சுல்தான் சலாவுதீனின் அமைச்சருக்கு மருத்துவர், பிறகு சலாவுதீனின் மூத்த மகன் அல் அஃப்தலுக்கு மருத்துவர். பழைய கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னால் வேதவாக்கு என்று உலகமே நினைத்த காலத்தில், மருத்துவ நூல் ஒன்றின் கடைசிப் பகுதி முழுக்கக் கேலன் தன்னைத்தானே மறுத்துப் பேசிய இடங்களைத் தேடித் தொகுத்தவர். அப்படிப்பட்டவர் ஜாமீன் என்றால் ஜாமீன்தான்.

நாட்டரசன்:
உப்புக்காற்று மறுபடி ஆரம்பித்துவிட்டார். போன வருடம் விரதம் பற்றிப் பேசினபோதும் இதே மாதிரி ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் விடவில்லை. என்னை அன்று "கேள்விஞானி" என்று சொன்னதை நான் மறக்கவில்லை.

குறிப்பேடு:
ஒரு சின்ன வேண்டுகோள். "நோய்" என்று அவர் எதைச் சொல்கிறார் என்று முதலில் பார்ப்போமா? எட்டு அத்தியாயங்கள் என்ற தன் நூலில் ஆன்மாவுக்கும் நோய் உண்டு, அதற்கு வைத்தியர் அறிஞர்கள் என்கிறார். கஞ்சத்தனம் ஒரு நோய், ஊதாரித்தனம் ஒரு நோய், நடுவில் இருப்பது ஆரோக்கியம். உணவு விதிகளையும் குணங்களைப் பற்றிய பகுதியில்தான் வைத்திருக்கிறார். சொல்லின் பொருளை முடிவு செய்யாமல் ஜாமீனைப் பற்றிப் பேசி என்ன பயன்?

உப்புக்காற்று:
ஏட்டுச்சுவடி, நீங்கள் சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன். கடனுக்குக் கையெழுத்துப் போடும் ஜாமீன்தாரர். சரி. ஜாமீன் பத்திரத்தில் நிபந்தனைப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கையெழுத்துப் பக்கத்தை மட்டும் காட்டுவதற்குப் பெயர் சுருக்கமா?

இருபதோடு நிறுத்தாதீர்கள், இருபத்தொன்றுக்கு வாருங்கள். இந்தப் பழக்கங்கள் எல்லாம் ஆரோக்கியமானவனுக்கு மட்டும்தான் என்று அங்கே தெளிவாக இருக்கிறது. நோயாளிக்கும், ஓர் உறுப்பு கெட்டவனுக்கும், பல வருடம் கெட்ட பழக்கத்தில் இருந்தவனுக்கும் வழி வேறு, அது மருத்துவ நூல்களில் இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறார். இன்னும் இரண்டு விதி தள்ளிப் போனால், பத்து வசதி இல்லாத ஊரில் கற்றவன் குடியிருக்கக் கூடாது என்று ஒரு பட்டியல். குளியலறை, கழிப்பறை, நல்ல தண்ணீர், ஜெபக்கூடம், பிள்ளைகளுக்கு ஆசிரியர் எல்லாம் வருகிறது. அதில் முதலில் இருப்பது எது தெரியுமா? மருத்துவர்! மருத்துவரே தேவையில்லை என்று ஜாமீன் போட்டவர் அதே அத்தியாயத்தில் மருத்துவர் இல்லாத ஊரில் குடியிருக்காதே என்கிறார். இதை ஏன் பதிவில் போடவில்லை?

செம்பருத்தி:
சண்டை போடாதீர்கள். எவ்வளவு பெரிய மனிதர் அவர். நான் பயிற்சி எடுத்த இடத்தில் மைமோனிடிஸின் மருத்துவர் பிரார்த்தனையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நோயாளியிடம் சக மனிதனை மட்டுமே நான் காண வேண்டும் என்று வரும். இரவுப் பணியில் எத்தனையோ நாள் அதைப் படித்துவிட்டுத்தான் வார்டுக்குள் போயிருக்கிறேன்.

உப்புக்காற்று:
அந்தப் பிரார்த்தனை அவருடையது இல்லை அம்மா. 1783இல் ஒரு ஜெர்மன் பத்திரிகையில்தான் முதன்முதலில் அச்சானது. பெர்லின் மருத்துவர் மார்க்குஸ் ஹெர்ட்ஸ் எழுதியது என்றுதான் பலரும் கருதுகிறார்கள். மைமோனிடிஸ் இறந்து ஐந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் கழித்து. இதைத்தான் நானும் சொல்கிறேன். அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவது, சொன்னதைப் பாதியில் வெட்டுவது.

செம்பருத்தி:
யார் எழுதினால் என்ன? அதைப் படித்து நான் நல்ல செவிலியானேன். அது பொய்யா?

ஏட்டுச்சுவடி:
செம்பருத்தி அக்கா சொல்வதை மைமோனிடிஸே ஒப்புக்கொள்வார். உண்மையை யார் சொன்னாலும் கேட்டுக்கொள் என்று எட்டு அத்தியாயங்களின் முன்னுரையில் எழுதியவர் அவர்தான். யாரிடமிருந்து எடுத்தேன் என்று பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அந்தப் பெயருக்காகவே சிலர் நல்ல கருத்தை ஒதுக்கிவிடுவார்கள் என்றும் அங்கேயே சொல்கிறார். அல்ஃபராபி என்ற முஸ்லிம் தத்துவ அறிஞரிடமிருந்து அந்த நூலில் நிறைய எடுத்திருக்கிறார். ஒரு யூத ரப்பிக்கு, அதாவது மதகுருவுக்கு, எவ்வளவு பரந்த மனசு! உப்புக்காற்று மாதிரி பத்திரம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

உப்புக்காற்று:
உண்மையை யார் சொன்னாலும் கேள் என்றார். யார் பேரில் வேண்டுமானாலும் எதையும் சொல் என்று சொல்லவில்லை. அதே மனிதர் தெற்கு ஃபிரான்சின் ரப்பிகளுக்கு ஜோசியத்தைப் பற்றி எழுதின கடிதம் இருக்கிறது. மூன்றை மட்டும் நம்பு என்கிறார்: அறிவால் நிரூபித்தது, ஐம்புலனால் அறிந்தது, தீர்க்கதரிசிகளிடமிருந்து வந்தது. புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக நம்பாதே என்கிறார். மனிதன் தன் அறிவை முதுகுக்குப் பின்னால் எறியக் கூடாது, கண்கள் முன்னால் இருக்கின்றன, பின்னால் இல்லை என்கிறார். இதைப் படித்தவர் யாரும் ஜாமீன் வரியைப் பாதியாக வெட்ட மாட்டார்.

நாட்டரசன்:
1135இல் பிறந்தவர் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஏட்டுச்சுவடி பிறந்த ஊரைச் சொன்னார், வருடத்தைச் சொல்லாமல் தப்பித்தார். 1204இல் இறந்தார், ஆக 69 வயது. அந்தக் காலத்துக்கு அது நல்ல கிழவயதுதான். ஜாமீன் பலித்தது. விஷயம் முடிந்தது.

ஏட்டுச்சுவடி:
1138. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்ட நூலுக்கு எழுதிய உரையின் முடிவில் அவரே எழுதியிருக்கிறார். இருபத்துமூன்று வயதில் ஆரம்பித்து முப்பதில் முடித்தேன் என்கிறார், முடித்த வருடம் 1168. கழித்துப் பாருங்கள். 1135 என்பது பேரன் வழி வந்த கணக்கு. ஆனால் 66 வயதும் அந்தக் காலத்துக்குக் குறைவில்லை. ஜாமீன் நிற்கிறது.

உப்புக்காற்று:
நிற்கிறதா? அவர் வாழ்க்கையையே எடுங்கள். அவருடைய தம்பி டேவிட், ரத்தின வியாபாரி, குடும்பமே அவர் சம்பாத்தியத்தில்தான் ஓடியது. அண்ணன் படிக்கட்டும் எழுதட்டும் என்று சுமையைத் தான் தாங்கினவர். செங்கடல் கரையில் ஐதாப் துறைமுகத்திலிருந்து அண்ணனுக்கு எழுதின கடிதம், ஜெபக்கூடத்தில் பழைய ஏடுகளைப் போட்டுவைத்த அறையான கெய்ரோ கெனிசாவில் கிடைத்தது, இன்றும் இருக்கிறது. அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறினவர் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப் போனார். சொந்தப் பணம், அண்ணன் பணம், மற்றவர்கள் பணம் எல்லாம் சேர்ந்து போனது. ஒரு விதவையும் ஒரு சின்னப் பெண்ணும் இவர் பொறுப்பில். அதற்கப்புறம் மைமோனிடிஸ் ஏறக்குறைய ஒரு வருடம் காய்ச்சலும் கொப்புளமுமாகப் படுத்த படுக்கை. பல வருடம் கழித்து ஆக்கரில் இருந்த ஒருவருக்கு எழுதும்போதும் துக்கம் ஆறவில்லை, தம்பியின் கையெழுத்தைப் பார்த்தால் மனம் புரண்டுவிடுகிறது என்கிறார். எனக்கு அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது தொண்டை அடைக்கும்.

இப்போது சொல்லுங்கள். அவருக்குப் பிறவிக் கோளாறா? கெட்ட பழக்கமா? கொள்ளைநோயா? எதுவும் இல்லை. விலக்குப் பட்டியலில் துக்கம் இல்லை ஏட்டுச்சுவடி. ஜாமீன்தாரரே விழுந்தார்.

ஏட்டுச்சுவடி:
தம்பி செத்த வேதனையை வாதத்துக்கு எடுப்பது அழகில்லை. அல் அஃப்தலுக்கு 1198 வாக்கில் எழுதிய உடல்நல நூலில் மனக்கலக்கம் உடம்பைக் கெடுக்கும், மருத்துவர் முதலில் நோயாளியின் மனசைத் தேற்ற வேண்டும் என்று தனிப் பகுதியே இருக்கிறது. துக்கம் அவருக்குத் தெரியாததா? ஜாமீன் உடம்பின் பழக்கத்துக்கு.

குறிப்பேடு:
அதைத்தான் நானும் ஆரம்பத்திலேயே கேட்டேன். உடம்பா, ஆன்மாவா, நோய் என்றால் எது?

உப்புக்காற்று:
"உடம்பின் பழக்கத்துக்கு" என்ற சொல் உங்கள் பதிவில் எங்கே இருந்தது? இப்போது ஒவ்வொன்றாகச் சேர்க்கிறீர்கள். அந்தப் பழக்கத்தையும் பார்ப்போம். 1199இல் தன் நூலை மொழிபெயர்த்த சாமுவேல் இப்னு திப்பனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நேரில் வந்து பார்க்கிறேன் என்று கேட்டவருக்கு, வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தர முடியாது என்று தன் நாளை விவரிக்கிறார். நான் ஃபுஸ்தாத்தில், சுல்தான் கெய்ரோவில். காலையில் அரண்மனை. மதியம் பசியோடு வீடு திரும்பினால் முற்றம் நிறைய ஜனம். கை கழுவிவிட்டு, கொஞ்சம் சாப்பிடும்வரை பொறுங்கள் என்று அவர்களைக் கெஞ்சிவிட்டு ஏதோ சாப்பிடுகிறார். ஒரு நாள் முழுக்க அந்த ஒரு வேளைதான். அப்புறம் இருட்டும்வரை, சில நாள் அதற்கும் மேலே, நோயாளிகள். களைப்பில் படுத்துக்கொண்டே மருந்து சொல்கிறார், பேசக்கூடத் தெம்பு இல்லை. எட்டு மணி நேரத் தூக்கம் எங்கே? பசித்தபோது சாப்பாடு எங்கே? ஊரைக் காப்பாற்ற தன் விதியைத் தானே விட்டுக்கொடுத்த மனிதர். எனக்கு அவர்மேல் இருக்கிற மரியாதை அந்தக் கடிதத்தால் வந்தது, உங்கள் பட்டியலால் இல்லை.

நாட்டரசன்:
அப்படியானால் அவர் சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்கிறீர்களா? பெரியவரைக் குறை சொல்லவா இவ்வளவு பெரிய கட்டுரை?

உப்புக்காற்று:
குறை சொல்லவில்லை, சரியாகப் படியுங்கள். இதை நான் ஏன் விடமாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்குச் சர்க்கரை. பத்து வருடம் மாத்திரையில் நன்றாகத்தான் இருந்தார். உறவுக்காரர் ஒருவர் இதே மாதிரி "ஞானிகள் சொன்ன ஆரோக்கியம்" என்று ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். அளவாகச் சாப்பிடு, மருத்துவர் வேண்டாம். அப்பா மாத்திரையை நிறுத்தினார், எங்களிடம் சொல்லவில்லை. ஏழாவது மாதம் கால் போனது. அந்தத் தாளில் இருந்தது மைமோனிடிஸா வேறு யாரா என்று எனக்கு நினைவில்லை. ஆனால் அதிலும் இருபத்தொன்றாவது விதி இல்லை, அது மட்டும் நிச்சயம். நீங்கள் வெட்டின வரியைப் படித்துவிட்டு இன்னொருவர் வீட்டில் மாத்திரை நின்றால் யார் ஜாமீன்?

செம்பருத்தி:
படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சர்க்கரைப் புண்ணுக்கு எத்தனை கட்டுப் போட்டிருக்கிறேன். ஏட்டுச்சுவடி, அந்த வரியை எடுத்துவிடுங்களேன் தம்பி.

ஏட்டுச்சுவடி:
உங்கள் அப்பாவுக்கு நடந்ததற்கு உண்மையாகவே வருந்துகிறேன். ஆனால் அந்தத் தாளை நான் எழுதவில்லை. என் பதிவில் மாத்திரையை நிறுத்து என்று ஒரு சொல் இல்லை. அளவுக்கு மீறித் தின்பது எந்த உடம்புக்கும் விஷம், நோய்களுக்கெல்லாம் அதுதான் வேர் என்று அவர் சொன்னது இன்றைக்கும் சரி. ஏறிப் போகிற மிருகத்துக்குத் தீனியை அளந்து போடுகிற மனிதன் தனக்கு மட்டும் அளக்காமல் தின்கிறான் என்று வருத்தப்பட்டவர் அவர். அதைப் படித்து ஒருவர் ஒரு தட்டு குறைவாகச் சாப்பிட்டாலும் எனக்குச் சந்தோஷம். ஜாமீன் என்ற சொல் நூலில் இருக்கிறது, அதை நான் எடுக்க மாட்டேன்.

உப்புக்காற்று:
எடுக்க வேண்டாம். அடுத்த பாதியையும் சேருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன், முதல் பதிவிலிருந்து.

ஏட்டுச்சுவடி:
சேர்த்தால் பதிவு நீளும். யாரும் படிக்க மாட்டார்கள்.

நாட்டரசன்:
அப்படியே வையுங்கள் ஏட்டுச்சுவடி. இவர் சொல்லி நாம் திருத்தினால் அடுத்த பதிவுக்கும் வருவார். அப்புறம் 1135தான், என்னிடம் புத்தகம் இருக்கிறது, நாளை படம் எடுத்துப் போடுகிறேன்.

குறிப்பேடு:
நோய் என்றால் எது என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

உப்புக்காற்று:
இருபதாவது விதி, அடுத்து இருபத்தொன்று. இரண்டையும் முழுசாகத் தட்டச்சு செய்து இன்று ராத்திரி அந்தப் பதிவின் கீழே நானே போடுகிறேன். அழித்தால் மறுபடி போடுவேன்.