புதுப்பிப்பு: நுவரெலியாவில் மரக்கறி தொடாத பிளெகோக்கள் சாப்பிடத் தொடங்கிவிட்டன

என் மீன்தொட்டியில் இருக்கும் மூன்று பிரிஸ்டில்நோஸ் பிளெகோக்களும் (உறிஞ்சு வாயால் பாசி சுரண்டித் தின்னும் மீன்கள்) கெக்கரிக்காயை மோந்துகூடப் பார்ப்பதில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பலித்தது, "முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான்.

ஹீட்டர் இல்லாத தொட்டியில் விடியற்காலை 18 பாகை. அந்தக் குளிரில் இவற்றுக்குச் செரிமானம் மந்தம், பசியும் குறையும். 60 லீட்டருக்கு 100 வாட் ஹீட்டர் போட்டு, நாளுக்கு 2 பாகை வீதம் 25 வரை ஏற்றினேன். பிறகு இரண்டு நாள் வில்லைத் தீனியை நிறுத்தினேன். அதை வழமைபோலப் போட்டுக்கொண்டே மரக்கறி பழக்குவது கஷ்டம்.

கெக்கரிக்காயைத் தோல் சீவி (மருந்தடித்த காயாக இருக்கலாம்), அரை அங்குல வட்டமாக வெட்டி, கொதிநீரில் 2 நிமிடம். பச்சையாகப் போட்டால் மிதக்கும். உறிஞ்சு வாய்க்குக் கடினமும்கூட. ஆறியதும் துருப்பிடிக்காத முள்ளுக்கரண்டியில் குத்தி, லைட் அணைத்த பின், தொட்டியில் அவை ஒளிந்திருக்கும் குகையின் வாசலில் இறக்கினேன். முதல் இரவு ஒன்றுமில்லை. மூன்றாம் இரவுக்குப் பின் ஓரத்து வளையம் மட்டும் மிச்சம், நடுவில் ஓட்டை.

எதிர்பாராதது: போஞ்சிதான் இன்னும் பிடித்திருக்கிறது. 5 நிமிடம் அவித்து, நெடுக்காகப் பிளந்து போட வேண்டும். கரட்டை இன்னும் தொடவில்லை.

காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் மத்தியானம்வரை விட்டதில் தண்ணீர் பால் கலந்ததுபோலக் கலங்கிவிட்டது.