‘சோக்கா’ சர்க்கஸ் பார்த்தவர்களின் அனுபவங்கள்

திருச்சி உறுப்பினர்:
அங்கோர் கோயில்களைப் பார்க்கப் போகிற பலரும் கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் உள்ள ஃபார் சர்க்கஸுக்கும் போய்விட்டுத்தான் திரும்புகிறார்கள் என்பதால், அங்கே நடக்கும் ‘சோக்கா’ ஆட்டத்தின் கதையை விரித்துச் சொல்லவில்லை. கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் காலத்துக் கொடுமைகள் மனத்தை விட்டு அகலாத சோக்கா என்ற பெண், கலையைப் பற்றிக்கொண்டு மீண்டு வருகிறாள். நாங்கள் போன இரவில், ஒருவர் தோள்மேல் ஒருவராக நின்றவர்களின் உச்சிக்கு ஏற முயன்ற இளைஞர் பிடி நழுவி, கீழே நின்ற இருவரின் கைகளில் வந்து விழுந்தார். இசைக்கலைஞர்கள் வாசிப்பை நிறுத்தவில்லை. அவர் உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஏறி நின்றபோது கூடாரமே ஆர்ப்பரித்தது. என்னால் மட்டும் கைதட்ட முடியவில்லை. இத்தனை பெரிய துயரத்தைச் சொல்லும் மேடையில் உடல் வித்தைக்கு ஆரவாரம் செய்வது முறைதானா என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

சிங்கப்பூர் உறுப்பினர்:
முன்னவர் எழுதியதை நான் ஏற்கவில்லை. கெமர் ரூஜ் ஆண்ட 1975 முதல் 1979 வரை சுமார் 17 லட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்ட நாடு அது. பாடகர்களிலும் நடனக் கலைஞர்களிலும் உயிர் தப்பியவர்கள் மிகச் சிலரே. தாய்லாந்து எல்லையில் இருந்த சைட் டூ அகதி முகாமில் ஒரு பிரெஞ்சு ஆசிரியையிடம் ஓவியம் கற்ற இளைஞர்கள் ஒன்பது பேர், நாடு திரும்பி 1994-இல் பாட்டம்பாங் நகரில் தொடங்கிய கலைப்பள்ளிதான் இந்தச் சர்க்கஸின் தாய்வீடு. சர்க்கஸ் பயிற்சி 1998-இல் சேர்ந்தது; சியெம் ரீப் கூடாரம் 2013-இல் வந்தது. விழுந்தவனைத் தாங்கிப் பிடித்து மறுபடி ஏற்றிவிடுவதில்தான் அவர்கள் கதையின் உயிரே இருக்கிறது. அதற்குக் கைதட்டாமல் வேறு எதற்குக் கைதட்டுவது? நான் போன அன்று, ஆட்டக்காரர்கள் குட்டிக்கரணம் அடித்தபடி ஓரடி தூரத்தில் கடந்து போனபோதும், மேடையிலேயே படம் தீட்டிக்கொண்டிருந்த ஓவியரின் தூரிகை சற்றும் பிசகவில்லை. அந்தக் கைதான் இன்றுவரை நினைவில் நிற்கிறது.

புனோம் பென்னில் பணிபுரியும் உறுப்பினர்:
எனக்கு மறக்க முடியாதது இருவர் சேர்ந்து செய்த ஆட்டம். மல்லாந்து படுத்திருந்த இளைஞன் ஒரு பெண்ணைத் தன் பாதங்களில் ஏந்தியிருந்தான். அவள் தானாகக் கையை நீட்டும்வரை அவன் தன் கையை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருந்த என் அலுவலகத் தோழி, அவர் கம்போடியர், அந்தக் கணத்தில் என் முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டார். கெமர் ரூஜ் ஆட்சியில் முன்பின் அறியாத ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக நிறுத்தி மொத்தமாக மணம் முடித்து வைத்தார்கள். அந்தக் கட்டாயத் திருமணங்கள் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று, அந்த ஆட்சியின் குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. தோழியின் தாத்தாவும் பாட்டியும் அப்படி இணைக்கப்பட்டவர்கள். போர்க்கதையில் காதல் எதற்கு என்று சலித்துக்கொள்பவர்கள் அந்தச் சில நொடிகளைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மதுரை உறுப்பினர்:
ஆட்டம் முடிந்து கலைஞர்கள் எல்லோருடனும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவில் ஒருவர் ஒரு பையனிடம், “உங்கள் குடும்பத்தில் எத்தனை பேரைக் கொன்றார்கள்?” என்று கேட்டுவிட்டார். அவன் புன்னகை மாறாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அந்தக் கலைஞர்களில் பலர் போர் ஓய்ந்த பிறகு ஏழைக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள். பேச விரும்பினால் அவர்களுடைய பயிற்சியைப் பற்றிக் கேளுங்கள், பூரித்துப் போவார்கள். புனோம் பென்னில், பள்ளிக்கூடமாக இருந்து கெமர் ரூஜ் ஆட்சியில் சிறையாக்கப்பட்ட துவோல் ஸ்லெங்கை முன்னதாகப் பார்த்துவிட்டு வந்தால், சோக்காவை எது துரத்துகிறது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது. சிறு குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் அன்றைக்கு எந்தக் கதை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்; அங்கே பல கதைகளை மாற்றி மாற்றி நடத்துகிறார்கள், வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பவையும் உண்டு. கைதட்டுவதா வேண்டாமா என்பதை அவரவர் மனம் முடிவு செய்யட்டும். ஆனால் நுழைவுச்சீட்டை அதிக விலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த வருவாய் பாட்டம்பாங் பள்ளியில் பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்கவும் உதவுகிறது.