வேவ் ரோட்டர் சேர்த்தும் டர்பைனின் வேலை கூடவில்லை, உதவுங்கள்

லாஸ்பேட்டை மாணவன்:
சிறிய எரிவாயு டர்பைன் கணக்கில் வேவ் ரோட்டரைச் சேர்த்திருக்கிறேன் (சுற்றிலும் குழாய்கள் கொண்ட சுழலும் உருளை; எரியறையிலிருந்து வரும் சூடான வாயுவைக் கொண்டு கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றை மேலும் அழுத்துவது). ஒரு கிலோ காற்றுக்கு 138 கிலோஜூலாக இருந்த நிகர வேலை 142-தான் ஆகியிருக்கிறது. திங்கட்கிழமை துறைத்தலைவரிடம் காட்ட வேண்டும். எங்கே தவறு?

மஞ்சக்குப்பத்தான்:
கம்ப்ரசரின் அழுத்த விகிதம் என்ன? எந்த வெப்பநிலை? காற்றும் வாயுவும் புகுந்து வெளியேற ரோட்டருக்கு எத்தனை வாயில்கள்? இவை தெரியாமல் எப்படிச் சொல்வது?

புலியூர்ப் பட்டறை:
கசிவுதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். ரோட்டர் உருளைக்கும் அதன் முனையில் அசையாமல் நிற்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். சூடேறினால் உருளை நீளும். உரசக்கூடாது என்று இடைவெளி விட்டால் அழுத்தம் அதன் வழியே ஓடிவிடும்.

மஞ்சக்குப்பத்தான்:
அது இயந்திரத்தில் வரும் தொல்லை ஐயா. இவர் போடுவது காகிதக் கணக்கு.

மூத்த பொறியாளர்:
எரிவாயு டர்பைனின் அடிப்படையான பிரேட்டன் சுழற்சியைக் கையால் போட்டுப் பார்க்காமல் மென்பொருளைத் திறந்தால் இப்படித்தான் ஆகும். ரோட்டரைச் சுழற்றும் வேலையைக் கழித்தீர்களா? முதலில் பாடத்தைப் படியுங்கள், பிறகு கேளுங்கள்.

தேவனாம்பட்டினம்:
ஐயா, ரோட்டரைச் சுழற்ற உராய்வை வெல்லும் அளவு போதும். காற்றை அழுத்துவது சூடான வாயு கிளப்பும் அதிர்ச்சி அலை. தம்பி, கேட்ட விவரங்களைக் கொடுங்கள்.

லாஸ்பேட்டை மாணவன்:
அழுத்த விகிதம் 4. நான்கு வாயில். ரோட்டருக்குள் காற்றின் அழுத்தம் 1.8 மடங்காகிறது. எரியறை வெளியேற்றம் 1170 கெல்வின், ரோட்டர் இல்லாத கணக்கில் இருந்த அதே அளவு.

தேவனாம்பட்டினம்:
அங்கேதான் சிக்கல். 1170 என்பது டர்பைன் பிளேடு தாங்கும் வரம்பு, எரியறையின் வரம்பு அல்ல. எரியறையிலிருந்து வரும் வாயு ரோட்டருக்குள் விரிந்து காற்றை அழுத்துகிறது. அதில் தானும் குளிர்கிறது. நீங்கள் 1170-இல் அனுப்பினால் டர்பைனுக்கு 1075 அளவில்தான் போய்ச் சேரும். கிடைத்த அழுத்த லாபத்தை வெப்பநிலையில் இழந்துவிடுகிறீர்கள். டர்பைன் நுழைவை 1170-இல் நிறுத்துங்கள், எரியறை 1260-ஐத் தாண்டட்டும். ரோட்டர் அதைத் தாங்கும். ஒவ்வொரு குழாயிலும் சூடான வாயுவும் குளிர்ந்த காற்றும் மாறி மாறிப் பாய்வதால் சுவர் இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் இருக்கும். கம்ப்ரசர் வெளியேற்றமும் டர்பைன் நுழைவும் முன்போலவே இருப்பதால் எரிபொருளும் ஏறத்தாழ அதே அளவுதான். கூடுவது டர்பைனுக்குக் கிடைக்கும் அழுத்தம். இந்த நுட்பத்தின் அழகே அதுதான்.

மஞ்சக்குப்பத்தான்:
அப்படியானால் காரைக்காலில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையத்தில் இதை ஏன் பொருத்தக்கூடாது?

மூத்த பொறியாளர்:
அது கூட்டுச் சுழற்சி நிலையம். வெளியேறும் வெப்பத்தில் நீராவி டர்பைன் ஓடுகிறது. வேவ் ரோட்டர் அதிகம் கைகொடுப்பது அழுத்த விகிதம் குறைந்த சிறிய இயந்திரங்களுக்கு. மேலும் இது காருக்குச் செய்த பொருள்; டீசல் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் காம்ப்ரெக்ஸ் என்ற கருவி.

தேவனாம்பட்டினம்:
முதல் பாதி சரி. இரண்டாவது சரியில்லை. பிரவுன் போவெரி நிறுவனம் 1940களிலேயே ரயில் எஞ்சினின் எரிவாயு டர்பைனுக்காக இதில் இறங்கியது. மாஸ்டா டீசல் காரில் காம்ப்ரெக்ஸ் வந்தது 1980களில்.

மூத்த பொறியாளர்:
ரயில் எஞ்சினில் அது நிலைக்கவில்லையே. விற்பனைக்கு வந்ததைத்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

லாஸ்பேட்டை மாணவன்:
மாற்றிவிட்டேன், நிகர வேலை 171 வருகிறது. மிக்க நன்றி.

புலியூர்ப் பட்டறை:
கசிவையும் சேர்த்துப் போடுங்கள் தம்பி. துறைத்தலைவர் முதலில் அதைத்தான் கேட்பார்.