மரச்செக்குக் கடைக்கு நெட்டுல கட்டுரை எழுதிப் போட்டா ஆள் வருமா?

திருமங்கலம்_செக்கு:

வணக்கம். திருமங்கலத்துல சின்ன மரச்செக்குக் கடை. கடலை, எள்ளு, தேங்காய் மூணும் ஆட்டுறோம், வெளியாள் கொண்டுவர்ற கொப்பரையைக் கூலிக்கும் ஆட்டிக் குடுக்குறோம். மதுரைப் பக்கம் திருநகர், பழங்காநத்தம் வரைக்கும் வண்டியில கொண்டு போய்ச் சேக்க முடியும். இப்ப ஒருத்தர், "முப்பது கட்டுரை எழுதி நூறு சைட்ல போட்டுத் தர்றேன், கூகுள்ல மொதப் பக்கத்துல வந்துரும்"ங்குறார். மாதிரிக்கு அனுப்பினது "நல்லெண்ணெயின் 15 நன்மைகள்". அவர்கிட்ட குடுக்கலாமா? நாங்களே எழுதுறதுன்னா எதை எழுதுறது, எவ்வளவு நீளம், எங்க போடுறது? பிளாக்கர்ல (கூகுளோட இலவச வலைப்பதிவு) ஒரு பக்கம் ஏற்கெனவே சும்மா கிடக்கு.

கூடல்நகர்_வெப்:

அண்ணே, நூறு சைட் ஆளுக்குக் காசு குடுக்காதீங்க. ஒரே கட்டுரையை வார்த்தை மாத்தி ஊரெல்லாம் ஒட்டி, அதுல நம்ம லிங்கைச் செருகுற வேலை ஒரு காலத்துல ஓடுச்சு. 2011 பிப்ரவரியில கூகுள் தேடல் வரிசைப்படுத்துற முறையில பாண்டான்னு ஒரு மாத்தம் கொண்டுவந்துச்சு, கட்டுரைக் கிடங்கு சைட்டெல்லாம் அதோட படுத்துருச்சு. 2012 ஏப்ரல்ல பென்குயின் வந்து, அப்படி லிங்க் சேத்த கடைக்காரங்க சைட்டையே கீழ தள்ளுச்சு. ஆள் எழுதினாலும் சரி, மெஷின் எழுதினாலும் சரி, தேடல்ல ஏறணும்னே மொத்தமா உற்பத்தி பண்ற பக்கங்களை 2024 மார்ச்சுல ஸ்பாம் விதியிலயே சேத்துட்டாங்க.

அதை விடுங்க, "15 நன்மைகள்" மொதப் பக்கத்துல வந்தாலும் படிக்கிறவர் துபாய்ல இருப்பார். உங்க வண்டி பழங்காநத்தம் வரைக்கும்தான்.

கல்லாவுல நிக்கும்போது ஆள் கேக்குறதுதான் தலைப்பு. "பத்து கிலோ கொப்பரை கொண்டுவந்தா எத்தனை லிட்டர் தேறும்?" "லிட்டர்னு வாங்குனா எடை 910 கிராம்தான் நிக்குது, ஏன்?" "கொடைக்கானல் கொண்டு போன தேங்காய் எண்ணெய் உறைஞ்சு போச்சே, கலப்படமா?" "எள்ளுல கருப்பட்டி எதுக்கு?" ஒவ்வொண்ணும் தனிப் பக்கம். செக்கு ஓட்டுறவர் மட்டும் சொல்ல முடிஞ்ச எண்ணை அதுல போடுங்க: பத்து கிலோ கொப்பரைக்கு ஆறு லிட்டர் ஒட்டி, கடலைப் பருப்புக்கு நாலு, நாலரை, எள்ளுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கருப்பட்டி சேத்து நாலு. காய்ச்சலும் ரகமும் மாறுனா அளவும் மாறும்னு பக்கத்துலயே எழுதிருங்க, இல்லைன்னா ஈரக் கொப்பரையைக் கொண்டுவந்து சண்டைக்கு நிப்பாங்க.

ஒண்ணை மட்டும் விரிச்சுச் சொல்றேன். "செக்குக் கடலை எண்ணெய் வடை சுடும்போது ஏன் பொங்குது?" மொத ரெண்டு வரியிலயே பதில்: ரீஃபைன் பண்ணாத எண்ணெயில பாஸ்போலிப்பிட்ங்குற பசைப்பொருளும், கொஞ்சம் கசடும் ஈரமும் தங்கியிருக்கும், சூடேறும்போது அதுதான் நுரையா எழும்புது. அடுத்து செய்ய வேண்டியது: ஆட்டின எண்ணெயை மூணு நாலு நாள் அசைக்காம வச்சு, தெளிவை மட்டும் மேலாப்புல இறுத்துக்கணும், சட்டியில பாதிக்கு மேல ஊத்தக் கூடாது. நெல்லிக்காய் அளவு புளியைப் போட்டா நுரை அடங்கும்னு வீடுகள்ல செய்றதையும் சேத்துக்கங்க. அப்புறம் ஒரே ஒரு போட்டோ, கண்ணாடி பாட்டில் அடியில மண்டி நிக்கிறதை வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு எடுத்தது. கடைசியில எந்த ஏரியாவுக்கு என்னைக்கு வண்டி வருதுன்னு ஒரு வரி. நானூறு, ஐந்நூறு வார்த்தை தாராளம். செக்கு தோன்றிய வரலாறுல இருந்து ஆரம்பிச்சா மூணாவது வரிக்குள்ள ஆள் ஓடிருவார்.

பிளாக்கரே போதும், ஆனா ஒரு சிக்கல் இருக்கு. தலைப்பு முழுக்கத் தமிழ்ல இருந்தா முகவரியை வெறும் "பிளாக்-போஸ்ட்"னு அதுவா போட்டுக்கும். வெளியிடுறதுக்கு முன்னாடியே பெர்மாலிங்க்ல (பக்கத்தோட முகவரியைக் குடுக்குற இடம்) போய் ஆங்கில எழுத்துல நாலு வார்த்தை குடுத்துருங்க. வேற தளத்துல தமிழ்லயே முகவரி வச்சாலும் தொல்லைதான். பகிரும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது கேரக்டரா விரியும். கம்ப்யூட்டர் கணக்குல ஆறு குறியா (மூணு எழுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொம்போ புள்ளியோ சுழியோ) இருக்குற "செக்கு"ங்குற ஒரு சொல்லே ஐம்பத்து நாலு கேரக்டர், வாட்ஸ்அப்ல பாக்குறவர் வைரஸ்னு நினைச்சுத் தொட மாட்டார்.

பழங்காநத்தம்_லேபிள்:

எழுதுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள் சார். அந்த மாதிரிக் கட்டுரையில் "சர்க்கரை நோய் குணமாகும்", "ரத்த அழுத்தம் சரியாகும்" என்று எங்காவது இருந்தால் தூக்கிவிடுங்கள். கடைப் பெயரில் வரும் கட்டுரையும் விளம்பரமாகத்தான் பார்க்கப்படும். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும், தடுக்கும் என்று சொல்ல 2018ஆம் ஆண்டின் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விளம்பர விதிமுறைகள் இடம் தருவதில்லை. தவறான விளம்பரத்துக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இது போக 1954ஆம் ஆண்டு மருந்து, மந்திர நிவாரண விளம்பரச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் நீரிழிவும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன.

"எங்கள் எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை" என்பதும் வேண்டாம். தாவர எண்ணெய் எதிலுமே அது கிடையாது; நம்முடையதற்கு மட்டும் உள்ள சிறப்பு போலக் காட்டினால் வாங்குபவரை ஏமாற்றுவதாகிவிடும். எதில் ஆட்டியது, என்றைக்கு ஆட்டியது, கடலை எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை நாள் தெளிய விட்டது: இவற்றை எழுத யாரும் தடை சொல்லப் போவதில்லை. பதினான்கு இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணைப் பக்கத்தின் அடியில் போடுங்கள். நம்பிக்கைக்கு அது 15 நன்மைகளைவிட மேல்.

திருமங்கலம்_செக்கு:

நல்லவேளை, அந்த மாதிரியில மூட்டுவலி வரைக்கும் இருக்கு. சரி, எழுதிட்டேன்னு வைங்க, எங்க பகிர்றது? வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பினா சில நேரம் படத்தோட போகுது, சில நேரம் வெறும் லிங்கா போகுதே?

வைகைக்கரை:

அனுப்புறவர் போன்லதான் அந்த முன்னோட்டம் உருவாகுது. லிங்கை ஒட்டிட்டு, மேல படமும் தலைப்பும் எழும்புற வரைக்கும் ரெண்டு மூணு நொடி பொறுத்து அப்புறம் அனுப்புங்க. படம் 1200க்கு 630 பிக்சல், 300 கேபிக்குள்ள இருந்தா நெட் மந்தமான இடத்துலயும் வந்துரும்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்ல (ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியா அனுப்புற பட்டியல்) 256 பேர் வரைக்கும் சேக்கலாம். ஆனா உங்க நம்பரைத் தன் போன்ல பதிஞ்சு வச்சவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். "200 பேருக்கு அனுப்பினேன், யாருமே பாக்கலை"ங்குற புலம்பல்ல பாதி இதுதான். பில் குடுக்கும்போதே நம்பரைப் பதிய வச்சிருங்க.

ஒவ்வொரு கட்டுரை அடியிலயும் வாட்ஸ்அப் லிங்க் வைப்பீங்கல்ல, அதுல முன்கூட்டியே நிரப்பின வாசகத்தைக் கட்டுரைக்குக் கட்டுரை மாத்துங்க. நுரைக் கட்டுரைக்கு "கடலை எண்ணெய் 2 லிட்டர் வேணும்", கொப்பரைக் கட்டுரைக்கு "கொப்பரை ஆட்டணும், எப்ப வரலாம்?" வர்ற மெசேஜைப் பாத்தாலே எந்தக் கட்டுரை ஆளைக் கூட்டியாந்ததுன்னு தெரிஞ்சுரும், தனியா கணக்குக் கருவி வேண்டாம்.

கூகுள் மேப்ல கடையோட பிசினஸ் புரொஃபைல் இருந்தா, கட்டுரையை நாலு வரியாச் சுருக்கி அங்க ஒரு போஸ்ட்டாப் போட்டு, "மேலும் அறிய" பொத்தான்ல லிங்கைக் குடுங்க. போஸ்ட்டுக்குள்ள போன் நம்பர் எழுதாதீங்க, தள்ளிவிட்டுருவாங்க. உண்மையைச் சொன்னா, பக்கத்து ஊர்க்காரர் "மரச்செக்கு எண்ணெய்"னு தேடும்போது கட்டுரைக்கு முன்னாடி மேப்தான் நிக்கும். அதை முதல்ல சரி பண்ணுங்க.

பேஸ்புக்ல ஏரியா குரூப், சமையல் குரூப்ல வெறும் லிங்க் போட்டா அட்மின் அழிச்சிருவார். கேள்வி கேட்டவருக்கு முழுப் பதிலையும் அங்கயே எழுதிட்டு, போட்டோ வேணும்னா பாருங்கன்னு லிங்க் குடுக்கிறதுதான் முறை. தமிழ் கோராங்குற கேள்வி-பதில் தளத்துலயும் இதே கதைதான்.

கூடல்நகர்_வெப்:

ஒண்ணு விட்டுப்போச்சு. சர்ச் கன்சோல்ல (நம்ம பக்கம் தேடல்ல எப்படி வருதுன்னு காட்டுற கூகுள் கருவி) பிளாக்கைச் சேத்து சைட்மேப் (பக்கங்களோட பட்டியல்) குடுங்க. மாசத்துக்கு ரெண்டு கட்டுரை போதும். மூணு மாசம் கழிச்சு செயல்திறன் பக்கத்துல தேடல் சொற்களைப் பாருங்க. எந்தச் சொல்லுக்கு நிறையப் பேருக்குத் தெரிஞ்சும் கிளிக் வரலையோ, சராசரி இடம் எட்டுல இருந்து இருபதுக்குள்ள நிக்குதோ, அதுலதான் கை வைக்கணும். அந்தச் சொல்லுக்குப் புதுக் கட்டுரை எழுதாதீங்க, ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டுக் கிடக்கும். பழைய பக்கத்துலயே தலைப்பைத் திருத்தி, விடுபட்ட பதிலைச் சேத்து, அதே கருவியில யூஆர்எல் ஆய்வுல போய் மறுபடி இண்டெக்ஸ் பண்ண (கூகுள் தன் பட்டியல்ல பதிய) சொல்லுங்க. முகவரியை மட்டும் மாத்திராதீங்க, வாட்ஸ்அப்ல ஏற்கெனவே சுத்துற லிங்கெல்லாம் செத்துப் போகும்.