ஃப்ளோரிடா பீச் காண்டோ: அசோசியேஷன் இன்ஷூரன்ஸ் இருக்கும்போது நாம தனியா எவ்வளவு எடுக்கணும்?

கடலோரம்_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். டாம்பா பக்கம் செயின்ட் பீட் பீச்ல 2 பெட்ரூம் காண்டோ (சொந்த அபார்ட்மென்ட்) வாங்குறோம், நாலாவது மாடி, செப்டம்பர் 20 க்ளோசிங் (வீடு கைமாறுற நாள்). மாசாமாசம் கட்டுற அசோசியேஷன் காசுலயே பில்டிங் இன்ஷூரன்ஸ் வந்துடும்னு ஏஜென்ட் சொன்னாரு, ஆனா லோன் குடுக்குறவங்க எச்ஓ-6 பாலிசி (காண்டோ ஓனர் தன் வீட்டுக்கு எடுக்குறது) தனியா வேணும்ங்கிறாங்க, விலைக் கோட் வாங்கிப் பாத்தா ஹரிக்கேன் டிடக்டிபிள், லாஸ் அசெஸ்மென்ட்னு ஒண்ணும் புரியல. லோனுக்காக இருக்குறதுலயே கம்மியா ஒண்ணு எடுத்தா போதாதா? நாலாவது மாடிக்கு ஃப்ளட் இன்ஷூரன்ஸ் தேவையா? சேத்து வச்ச காசு மொத்தமும் இதுலதான் போகுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மாமரம்:
கம்மியா எடுக்காதீங்க. ஃப்ளோரிடா காண்டோ சட்டம் 718ல அசோசியேஷன் எதுக்கு இன்ஷூர் பண்ணணும்னு எழுதியே இருக்கு. வெளிச்சுவர், கூரை, உள்ள இருக்குற ட்ரைவால் (சுவர்ப் பலகை) வரைக்கும் அவங்க பொறுப்பு. தரையில போட்ட டைல்ஸ், பெயின்ட், கிச்சன் கேபினெட், கவுன்டர்டாப், ஃப்ரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், லைட், ஜன்னல் திரை, உங்க சாமான் எல்லாம் உங்க தலையில. கிச்சனையும் தரையையும் இன்னைக்கு புதுசா போட்டா என்ன ஆகும்னு கணக்கு போட்டு அந்த அளவுக்கு ட்வெல்லிங் (வீட்டோட உள் வேலைக்கான) கவரேஜ் கேளுங்க. சாமானுக்கு ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட் (புதுசா வாங்குற விலை)னு இருக்கணும், இல்லன்னா பழைய சோபாவுக்கு தேய்மானம் கழிச்சு கொஞ்சமாதான் தருவாங்க.

ஃபோர்ட்மையர்ஸ்_குடும்பம்:
நீங்க கேட்டதுல பெரிய விஷயம் லாஸ் அசெஸ்மென்ட் தாங்க, அதாவது பில்டிங் சேதத்துக்கு அசோசியேஷன் ஓனர்ஸ்கிட்ட பங்கு போட்டு வசூலிக்கிற காசுக்கான (அசெஸ்மென்ட்) கவரேஜ். நாங்க பட்ட அனுபவத்துல சொல்றேன். 2022 செப்டம்பர் 28 இயன் புயல்ல எங்க பில்டிங் கூரை போச்சு. அசோசியேஷன் மொத்த பில்டிங்குக்கும் எடுத்த மாஸ்டர் பாலிசியிலயும் ஹரிக்கேன் டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி கையிலேர்ந்து போட வேண்டிய தொகை) இருக்கும், அது டேமேஜுக்கு இத்தனை சதவீதம்னு இல்ல, பில்டிங்க இன்ஷூர் பண்ணின மொத்த தொகைக்கு சதவீதம், அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறோம். உதாரணத்துக்கு 40 மில்லியன் டாலர் பில்டிங், 5% டிடக்டிபிள்னா முதல் 2 மில்லியனை ஓனர்ஸ் எல்லாரும் சேந்துதான் போடணும், 100 வீடுன்னா ஆளுக்கு 20,000. எங்களுக்கு வந்தது 14,000. எங்க பாலிசியில சட்டப்படி இருக்க வேண்டிய குறைஞ்சபட்சம் 2,000 மட்டும்தான் போட்டிருந்தோம், அதுதான் கிடைச்சது, மீதி 12,000க்கு என் வீட்டுக்காரரு ஊர்ல இருந்த நிலத்தை வித்தாரு. அந்த கவரேஜ ஏத்துறதுக்கு வருஷத்துக்கு ஆகுற எக்ஸ்ட்ரா காசு பெருசா ஒண்ணும் இல்ல, யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லல, அதான் இவ்வளவு எழுதுறேன். புயலுக்கு அப்புறம் ஏத்தினாலும் பிரயோஜனம் கிடையாது, சம்பவத்துக்கு முந்தின நாள் என்ன லிமிட் இருந்துச்சோ அதுதான் கணக்கு.

மாஸ்டர் டிடக்டிபிளால வர்ற அசெஸ்மென்ட்டுக்கு மட்டும் தனி லிமிட் வச்சிருக்காங்களான்னும் கேளுங்க. சில பாலிசியில மேல 50,000னு போட்டுட்டு உள்ள இதுக்கு 2,000தான்னு எழுதியிருக்கும்.

கடலோரம்_புதுசு:
அக்கா, படிக்கவே கஷ்டமா இருக்கு, எழுதினதுக்கு ரொம்ப நன்றி. பில்டிங் 1978ல கட்டினது. சர்ஃப்சைடு கட்டடம் இடிஞ்சதுக்கு அப்புறம் வந்த ரிப்பேர் அசெஸ்மென்ட்டையும் இது குடுக்குமா?

மாமரம்:
குடுக்காது. 2021ல சர்ஃப்சைடு கட்டடம் இடிஞ்சு 98 பேர் போனதுக்கு அப்புறம், 3 மாடியும் அதுக்கு மேலயும் இருக்குற பழைய காண்டோவுக்கு, கட்டடம் உறுதியா இருக்கான்னு பாக்குற மைல்ஸ்டோன் இன்ஸ்பெக்‌ஷனும் பெரிய ரிப்பேருக்கு எவ்வளவு சேத்து வைக்கணும்னு சொல்ற ரிசர்வ் ஸ்டடியும் கட்டாயமாச்சு. அதுல வர்ற ரிப்பேர் செலவு தேய்மானம், புயல் சேதம் இல்ல, அதனால எச்ஓ-6 தொடாது. 1978 கட்டடம்னா அந்த ரெண்டு ரிப்போர்ட்டையும் படிக்காம கையெழுத்து போடாதீங்க.

அலைஓசை:
ஃப்ளட் பத்தி யாரும் சொல்லல. 2024ல ஹெலீன் புயல் தூரக் கடல்லயே போய் வடக்க பெர்ரி பக்கம்தான் கரை ஏறுச்சு, ஆனாலும் செயின்ட் பீட் பீச் முழுக்க கடல் தண்ணி. உங்க வீட்டுக்குள்ள வராது, சரி, ஆனா கீழ லிஃப்ட், கரன்ட் ரூம் போனா அதுலயும் உங்க பங்கு உண்டு, எச்ஓ-6ல வெள்ளமே கவர் ஆகாதுங்கிறதால அந்த அசெஸ்மென்ட்டும் கவர் ஆகாது. அசோசியேஷன்கிட்ட ஃப்ளட் பாலிசி இருக்கா, முழு மதிப்புக்கு இருக்கான்னு முதல்ல பேப்பரா வாங்குங்க. அரசாங்க ஃப்ளட் புரோகிராம்ல அவங்களுக்கு அதிகபட்சம் வீட்டுக்கு 250,000 வீதம் கிடைக்கும். நீங்க தனியா எடுக்குறதா இருந்தா சாதாரணமா 30 நாள் வெயிட்டிங், லோன் க்ளோசிங்கோட சேத்து எடுத்தா அது இல்ல.

இன்னொண்ணு, ஹெலீனுக்கு ரெண்டு வாரத்துல மில்டன் வந்துச்சு ஞாபகம் இருக்கும். ஹரிக்கேன் டிடக்டிபிள் ஒரு வருஷத்துக்கு ஒரு தடவைதான், முதல் புயல்ல டிடக்டிபிளை விட கம்மியா செலவானாலும் ரசீது எல்லாம் வச்சிக்கோங்க, ரெண்டாவது புயல்ல கழிச்சுப்பாங்க.

கடலோரம்_புதுசு:
இன்னைக்கு மேனேஜ்மென்ட் ஆபீஸ்ல மாஸ்டர் பாலிசி வாங்கிட்டேன், டிடக்டிபிள் 3% போட்டிருக்கு. அக்கா சொன்ன கணக்கு போட்டா எங்க பங்கு 11,000 கிட்ட வருது. லாஸ் அசெஸ்மென்ட் 25,000க்கு, உள் லிமிட் இல்லாம கோட் கேட்டிருக்கேன். பாலிசிய க்ளோசிங் அன்னைக்கு எடுத்தா போதுமா?

ஃபோர்ட்மையர்ஸ்_குடும்பம்:
வேண்டாம் தம்பி, செப்டம்பர் புயல் சீசன் உச்சம். பக்கத்துல ஒரு புயல் உருவாயிட்டா எந்த கம்பெனியும் புதுசா பாலிசி எழுத மாட்டாங்க, க்ளோசிங்கே தள்ளிப்போயிடும். 20ஆம் தேதியில இருந்து ஆரம்பிக்கிற மாதிரி இந்த வாரமே காசு கட்டி எழுதி வாங்கிடுங்க.