மைலோவையும் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம்? கேமரனா, போர்ட்டிக்சனா, பினாங்கா?

செந்தூல்காரி:

வணக்கம். மே கடைசியில் வரும் பள்ளி விடுமுறைக்கு மூன்று ராத்திரி எங்காவது போய்த் தங்கலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், 70 வயது மாமியார். கூடவே எங்கள் நாய் மைலோ. (எங்கள் தாமான் குடியிருப்பில் மட்டும் மூன்று மைலோ உண்டு. பேர் வைத்தது பிள்ளைகள், என்னைக் கேட்காதீர்கள்.)

மைலோவுக்கு 9 வயது, 18 கிலோ, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த கலப்பு நாய். ஆள் சாது. ஆனால் இடி இடித்தால் குளியலறைக் கதவுக்குப் பின்னால் போய் நடுங்கிக்கொண்டு நிற்பான். வளைந்து வளைந்து போகும் ரோட்டில் வாந்தி எடுப்பான்.

போன வருஷம் அவனை ஒரு நாய் விடுதியில் விட்டுவிட்டு லங்காவி போனோம். தினமும் வாட்ஸ்அப்பில் படம் வரும், "நல்லா சாப்பிட்டான்" என்று. மூன்றாம் நாள் மகள்தான் கவனித்தாள்: "அம்மா, எல்லாப் படத்துலயும் தட்டு நிறையத்தானே இருக்கு?" திரும்பி வந்து எடை பார்த்தால் இரண்டு கிலோ குறைந்திருந்தான். இனி மைலோ இல்லாமல் எங்கும் வரமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். எனக்கும் அவனை விட்டுப்போக மனசு இல்லை.

வீட்டுக்காரர் போர்ட்டிக்சன் கடற்கரை என்கிறார், பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக. எனக்குக் கேமரன் மலை ஆசை. மாமியாருக்குப் பினாங்கு: தண்ணீர்மலை முருகனைப் பார்க்க வேண்டுமாம், டுரியானும் சாப்பிட வேண்டுமாம். ஐந்து ஹோட்டலுக்குப் போன் போட்டேன். நாய் என்றதும் எதிர்முனையில் குரல் மாறிவிடுகிறது. தங்குவதற்கு 1,200 வெள்ளி (ரிங்கிட்) வரை தரலாம். நாயோடு போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிங்லெட் தம்பி:

அக்கா, நான் கேமரன்காரன். ஆனாலும் பள்ளி விடுமுறையில் இங்கே வராதீர்கள் என்றுதான் சொல்வேன். குளிர் நாய்க்கு நல்லதுதான். தானா ராத்தா 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூச்சு இரைக்காது. ஆனால் விடுமுறையில் பிரிஞ்சாங்கிலிருந்து கீ ஃபார்ம் வரை கார்கள் ஊர்ந்துதான் போகும். ஸ்ட்ராபெரி தோட்டம், சந்தை என்று எங்கே இறங்கினாலும் ஒருவர் மாற்றி ஒருவர் நாயோடு காரிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். அதற்கு வீட்டிலேயே இருக்கலாம்.

வந்தே தீருவேன் என்றால் தாப்பா வழி ஏறாதீர்கள். பழைய ரோடு, கிட்டத்தட்ட 60 கிலோமீட்டரும் வளைவுதான். மைலோ ரிங்லெட் வந்து சேர்வதற்குள் வயிற்றில் எதுவும் மிஞ்சாது. சிம்பாங் பூலாய் வழி சுற்று, ஆனால் ரோடு அகலம். காய்கறித் தோட்ட ஓரத்தில் அவிழ்த்து விடாதீர்கள், பூச்சி மருந்து அடித்திருப்பார்கள். பள்ளி திறந்த பிறகு ஒரு புதன், வியாழன் பார்த்து வாருங்கள், நானே சுற்றிக் காட்டுகிறேன்.

பூச்சோங் மச்சான்:

பேசாமல் தாய்லாந்துப் பக்கம் ஹாட்யாய் போங்கக்கா. அங்கே நாயைக் கொண்டாடுவார்கள்.

கிள்ளான் கிளினிக் அக்கா:

மச்சான், கொண்டாடுவது இருக்கட்டும். நாட்டு எல்லை தாண்ட நாய்க்கு அனுமதிப் பத்திரம், வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று என்று எத்தனை தாள் வேண்டும் தெரியுமா? மூன்று ராத்திரிக்கு அது ஆகாது. 

தங்கச்சி, நான் கால்நடை கிளினிக்கில் வேலை செய்கிறேன், அதனால் மைலோ பக்கம் நின்று சொல்கிறேன். போர்ட்டிக்சன் வேண்டாம். மே, ஜூன் வெயிலில் பதினொரு மணி மணலில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு எட்டு விநாடி தாங்கவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது. தாகத்தில் கடல் தண்ணீரைக் குடிப்பான், அப்புறம் ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. விடுமுறை முடிந்த திங்கட்கிழமை எங்கள் கிளினிக் வரிசையில் பாதிப் பேர் கடற்கரையிலிருந்து நேராக வந்தவர்கள்தான்.

எங்கே போனாலும், கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். வாந்திக்கு டாக்டரிடம் நாய்க்கான மாத்திரை வாங்குங்கள். நாம் பஸ்ஸில் போடும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். பயணத்துக்கு முன் ஒரு நாள் பக்கத்து ஊர் வரை ஓட்டிப் பாருங்கள். உண்ணி மருந்தை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் இந்த வயதில் சமாளிப்பது சிரமம். தடுப்பூசிப் புத்தகமும் நகராண்மைக் கழக உரிம வில்லையும் கையில் இருக்கட்டும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் வெறிநாய்க்கடி நோய் வந்தது. யார் மேலாவது பல் பட்டுவிட்டால் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

வழியில் ஆர் அண்ட் ஆரில் (நெடுஞ்சாலைப் பெரிய ஓய்விடத்தில்) சாப்பாட்டுக் கடைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நெடுஞ்சாலையில் சின்னச் சின்ன ஓய்விடங்கள் இருக்கும், அங்கே நிழலில் இறக்குங்கள். ஐந்து நிமிடம்தானே என்று பூட்டிய காருக்குள் மட்டும் விடவே கூடாது.

பாலிக் பூலாவ் மாமா:

அம்மா, உங்கள் மாமியார் விவரமானவர். மே கடைசி, ஜூன் என்றால் எங்கள் ஊரில் டுரியான் விழுகிற நேரம்.

எல்லாரும் பினாங்கு என்றால் பத்து ஃபிரிங்கி என்று நினைக்கிறீர்கள். கடலோரப் பெரிய ஹோட்டலில் நாயை யார் விடுவார்கள்? மலைக்கு இந்தப் பக்கம் பாலிக் பூலாவுக்கு வாருங்கள். தோட்டத்து நடுவே முற்றமும் வேலியும் உள்ள தனி வீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள். ஃபெரியை நம்பி வராதீர்கள், 2021லிருந்து அதில் கார் ஏற்றுவதில்லை. இரண்டாவது பாலத்தைப் பிடித்தால் பத்து மாவுங்கில் இறங்கி, தெலுக் கும்பார் வழியாக வந்துவிடலாம், ஜார்ஜ்டவுன் நெரிசலில் மாட்ட வேண்டாம். கடைசியில் கொஞ்சம் மலை வளைவு உண்டு, தாப்பா அளவுக்கு இல்லை.

ஆனால் ஒன்று. "நாய் வரலாம்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். என் தங்கை மகன் குடும்பம் போன வருஷம் அப்படித்தான் ஒரு வீட்டை எடுத்தது. வந்து பார்த்தால் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு கம்பிக் கூண்டு. நாய் வரலாம், வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார் வீட்டுச் சொந்தக்காரர். அன்று விடிய நான்கு மணிக்கு சுமத்ரா காற்று. இந்த மாதங்களில் கடலிலிருந்து திடீரென்று அப்படித்தான் வரும், இடியும் மழையும் ஒன்றாக. அந்த நாய் கூண்டுக் கம்பியைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். மீதி ராத்திரி தங்கை மகன் காருக்குள் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினான், மனைவி பிள்ளைகள் குளிரறையில். உங்கள் மைலோவுக்கு இடி பயம் என்று படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அதனால் பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், போனில் வேண்டாம். ராத்திரி நாய் வீட்டுக்குள் படுக்கலாமா? வேலி நாலு பக்கமும் உண்டா, அடியில் இடைவெளி இருக்கிறதா? அவர்களுடைய நாய் அங்கே அவிழ்த்துவிட்டபடி சுற்றுமா? முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும்? வேலியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எல்லாரும் மாமரத்தைப் படம் எடுத்து அனுப்புவார்கள், நீங்கள் வேலியின் அடிப்பக்கத்தைக் கேளுங்கள்.

டுரியான் தோட்டத்துக்குள் மைலோவைக் கொண்டுபோகாதீர்கள். பழம் தலையில் விழுந்தால் மனுஷனுக்கே ஆபத்து. கொட்டையை முழுங்கினால் குடலில் அடைக்கும், கிளினிக் அக்காவைக் கேட்டுப் பாருங்கள். காலையில் நடக்கப் போனால் கயிறு பிடித்து, பை எடுத்துக்கொண்டு போங்கள். மலாய்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற ஊர், சூராவ் (சின்னத் தொழுகை இடம்) பக்கம் வேண்டாம். எதிரே வருபவர் ஒதுங்கினால் நீங்கள் இன்னும் இரண்டடி ஒதுங்குங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாற்பது வருஷமாக நாய் வைத்திருக்கிறேன், எனக்கு ஒரு சண்டை வந்ததில்லை.

தண்ணீர்மலையில் 500 படிக்கு மேல். மாமியாருக்கு முழங்கால் எப்படி? முடியவில்லை என்றால் அடிவாரத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நிழலில் உட்காரட்டும். ஒருவர் மைலோவோடு வீட்டில் இருக்க வேண்டும், அதை இப்போதே பேசி முடிவு பண்ணிவிடுங்கள், அங்கே வந்து சண்டை போடாதீர்கள்.

செந்தூல்காரி:

எல்லாருக்கும் நன்றி. ரிங்லெட் தம்பி, செப்டம்பரில் வருகிறோம், மறந்துவிடாதே.

மாமா சொன்ன கேள்விகளை அப்படியே மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி நான்கு வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன். இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் "கூண்டு தருகிறோம்" என்றார், நீங்கள் சொன்னது சரிதான். நான்காவது ஒரு சீன ஆன்ட்டி. நாய் உள்ளே படுக்கலாம், சோபாவில் ஏறக்கூடாது, முன்பணம் 200 வெள்ளி. வேலிப் படம் கேட்டதும் சிரித்துவிட்டு ஏழு படம் அனுப்பினார். வாசல் கேட்டுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி தெரிகிறது. என் வீட்டுக்காரர் கம்பி வலையும் கட்டுக்கம்பியும் எடுத்து வைத்துவிட்டார். போர்ட்டிக்சன் போச்சே என்று முனகிக்கொண்டேதான், ஆனால் அளவு பார்த்து வெட்டியிருக்கிறார்.

கோயில் அன்று மைலோவோடு இருப்பது நான்தான் என்று மாமியார் முடிவு பண்ணிவிட்டார். அவர் படி ஏறுவாராம், முழங்கால் விஷயத்தைக் கேட்டதற்குக் கோபம். 

மாத்திரை வாங்கியாகிவிட்டது. ஞாயிறு காலை ரவாங் வரை ஓட்டிப் பார்க்கப் போகிறோம். பின்சீட்டில் பழைய துண்டு நான்கு விரித்திருக்கிறேன்.