டிக்ட்டை இன்ஹெரிட் செய்து மாட்டிக்கொண்ட கதை: உங்களுக்கும் உண்டா?

கோத்தகிரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பைத்தான் நிரல்மொழியில் கூடவே வரும் டைப்பும் (எண், பட்டியல் மாதிரித் தரவு வகை) நாம் எழுதும் கிளாஸும் (நாமே வரையறுக்கும் வகை) ஒன்றுதான் என்று படித்திருப்பீர்கள். நானும் அதை அப்படியே நம்பினேன். நம்பி, மூன்று மாதம் ஒரு பாட்டியின் இலைப் பணத்தை அவர் மகன் கணக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி ஒன்றுக்குக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். சுற்றியுள்ள சிறு விவசாயிகள் பசுந்தேயிலையைக் கொண்டுவந்து போடுவார்கள். ஆளுக்கு ஒரு நம்பர், கே112 என்பது மாதிரி. இதை ஒருவர் சின்ன எழுத்தில் அடிப்பார், இன்னொருவர் நடுவில் ஓர் இடைவெளி விடுவார். அதனால் டிக்ட்டை, அதாவது ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் பைத்தானின் அட்டவணை டைப்பை, இன்ஹெரிட் செய்து (அதன் குணங்களை வாரிசாகப் பெற்று) சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதினேன். முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட செட்ஐட்டம் மெத்தடை (ஒரு சாவிக்கு மதிப்பைப் போட்டு வைக்கும் செயல்) மாற்றி, நம்பர் உள்ளே நுழையும்போதே இடைவெளியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கச் சொன்னேன். வெளியே எடுக்கும்போதும் அதே வேலை. அந்தக் கிளாஸில்தான் யாருக்கு எந்த வங்கிக் கணக்கு என்பது இருந்தது.

பாட்டி தன் பெயரிலேயே புதுக் கணக்கு தொடங்கி, பாஸ்புக் நகலும் கொடுத்துவிட்டார். ஆபீஸில் அதை மாற்றங்கள் ஃபைலில் ஏற்றியும் விட்டார்கள். ஆனாலும் பணம் பழைய கணக்குக்கே போனது. 'கம்ப்யூட்டர் என் மவன் பக்கமா சாமி?' என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

மூன்று இரவு உட்கார்ந்தேன். கையால் ஒரு வரி அடித்துப் பார்த்தால் கணக்கு ஒழுங்காக மாறுகிறது, ஃபைல் வழியாகப் போனால் மாறவில்லை. கடைசியில் மொத்த சாவிகளையும் அச்சிட்டுப் பார்த்தேன். 'கே112' பழைய கணக்கோடு அப்படியே இருக்கிறது. கீழே, நடுவில் இடைவெளியோடு இன்னொரு 'கே 112', அதில் புதுக் கணக்கு.

ஃபைலை ஏற்றும் இடத்தில் ஒவ்வொன்றாகப் போடாமல் அப்டேட் மெத்தடில் மொத்தமாகக் கொட்டியிருந்தேன். டிக்ட்டின் அப்டேட் சி மொழியில் எழுதப்பட்டது. வேகத்துக்காக நேராக உள் அட்டவணையிலேயே எழுதிவிடும், நான் மாற்றி வைத்த செட்ஐட்டமைக் கூப்பிடவே கூப்பிடாது. கிளாஸை உருவாக்கும்போதே ஒரு டிக்ட்டைக் கொடுத்தாலும் இதே கதைதான். முன்வாசலில் வாட்ச்மேனை நிறுத்திவிட்டு, லாரி பின்வாசல் வழியாக உள்ளே போவதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இப்போது டிக்ட்டை விட்டுவிட்டு, கலெக்‌ஷன்ஸ் மாடியூலில் இருக்கும் யூசர்டிக்ட்டை இன்ஹெரிட் செய்கிறேன். அது முழுக்க பைத்தானிலேயே எழுதப்பட்டது, அதன் அப்டேட் என் செட்ஐட்டம் வழியாகத்தான் போகும். உங்கள் கதைகளையும் போடுங்கள்.

பழைய பைத்தான், குன்னூர்:

தம்பி, நீங்கள் போய்ச் சேர்ந்த யூசர்டிக்ட்டில்தான் நாங்கள் தொடங்கினோம். பைத்தான் 1.5 காலத்தில் டிக்ட்டை இன்ஹெரிட் செய்யவே முடியாது, எரர்தான் வரும். டைப் என்பது சி-யில் எழுதியவர்கள் ஊர், கிளாஸ் என்பது நம் ஊர், நடுவில் பாலம் கிடையாது. டிக்ட் மாதிரி ஒன்று வேண்டும் என்றால், உள்ளே ஒரு டிக்ட்டை மறைத்து வைத்துக்கொண்டு வெளியே டிக்ட் போல நடிக்கும் யூசர்டிக்ட்தான் கதி.

அதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. நான் விவசாயி என்று ஒரு கிளாஸ், லாரி என்று ஒரு கிளாஸ் எழுதி, இரண்டிலும் ஒவ்வோர் ஆப்ஜெக்ட் (அந்த வகைப் பொருள் ஒன்று) உருவாக்கி, உன் டைப் என்ன என்று கேட்டால் இரண்டும் 'இன்ஸ்டன்ஸ்' என்றே சொல்லும். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறி வருகிறவர்கள் எல்லாரையும் நாம் டூரிஸ்ட் என்று சொல்லிவிடுகிறோமே, அது மாதிரி. தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவரும் டூரிஸ்ட்தான்.

2001 டிசம்பரில் வந்த 2.2-இல்தான் இந்த இரண்டு ஊரையும் இணைத்தார்கள். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரொசம் எழுதிய பெப் (மொழியில் மாற்றம் கோரும் முன்மொழிவு) 252, 253 இரண்டையும் அப்போது அச்சிட்டு வைத்துப் படித்தேன், பாதிதான் புரிந்தது. அதன் பிறகும் கிளாஸ் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ஆப்ஜெக்ட் என்று எழுதினால்தான் புதுவகைக் கிளாஸ், மறந்தால் பழையது. 2008-இல் 3.0 வந்துதான் பழையவகை ஒழிந்தது. பைத்தான் 2-இல் 5 என்ற முழு எண்ணின் டைப்பைக் கேட்டால் 'டைப் இன்ட்' என்று அச்சாகும், 3-இல் 'கிளாஸ் இன்ட்'. அந்த ஒரு சொல் மாறிய அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷம். வீட்டில் யாருக்கும் ஏன் என்று புரியவில்லை.

கேத்தி கேரட்:

நான் ஜாவா ஆள், சேர்த்துக்கொள்வீர்களா? எங்கள் பள்ளத்தாக்கில் ஏற்றும் கேரட் மூட்டை எண்ணிக்கையும் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கும் எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்க்க ஒரு புரோகிராம் எழுதினேன். சின்ன வண்டிகளுக்கெல்லாம் கணக்கு சரி. பெரிய லாரி போனால் மட்டும் தினமும் 'எண்ணிக்கை தவறு'. இங்கே 140, அங்கேயும் 140, ஆனாலும் தவறாம். டிரைவர் அண்ணன்தான் திட்டு வாங்கினார், பாவம்.

ஜாவாவில் சின்ன எழுத்து இன்ட் என்பது வெறும் எண், இன்டிஜர் என்பது கிளாஸ். 2004-இல் வந்த ஜாவா 5 முதல் ஒன்றை மற்றொன்றாக அதுவே மாற்றிக்கொள்வதால் வித்தியாசமே கண்ணில் படாது. அப்படி மாற்றும்போது -128 முதல் 127 வரை ஏற்கெனவே செய்து வைத்த ஆப்ஜெக்ட்டையே கொடுக்கும், அதைத் தாண்டினால் வழக்கமாகப் புதிது புதிதாகச் செய்யும். நான் இரண்டு இன்டிஜரை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தேன். அது மதிப்பைப் பார்க்காது, இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்றுதான் பார்க்கும். ஈக்வல்ஸ் மெத்தடுக்கு மாற்றினேன், தகராறு நின்றது. டிரைவர் அண்ணனுக்கு டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்தேன். காரணத்தைச் சொல்லவில்லை.

முதலாண்டு, ஊட்டி:

அண்ணா, சின்ன சந்தேகம். இன்ட்டின் டைப்பைக் கேட்டேன், 'டைப்' என்றது. சரி, டைப்பின் டைப் என்ன என்று கேட்டேன், அதுவும் 'டைப்' என்கிறது. லேபில் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ட்ரூவையும் (உண்மை என்னும் மதிப்பு) ட்ரூவையும் கூட்டினால் 2 வருகிறது. இது சரிதானா?

கோத்தகிரிக்காரன்:

இரண்டும் சரிதான் தம்பி. நீ சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதி அதன் டைப்பையும் கேட்டுப் பார், அதுவும் 'டைப்' என்றுதான் சொல்லும். இன்ட்டும் உன் கிளாஸும் ஒரே இனம் என்பதற்கு அர்த்தம் அவ்வளவுதான். ட்ரூவின் டைப்பான பூல் என்பது இன்ட்டின் வாரிசு, அதனால்தான் 2. எடைக்கான இடத்தில் எண் வந்திருக்கிறதா என்று இஸ்இன்ஸ்டன்ஸ் வைத்துச் சோதித்தால் ட்ரூவும் பாஸாகிவிடும், கவனம்.

ஒரே இனம்தான், ஆனாலும் சலுகை வேறு. உன் கிளாஸில் எப்போது வேண்டுமானாலும் புது மெத்தடை ஒட்டலாம், இன்ட்டில் ஒட்டப் போனால் டைப்எரர். பூலை இன்ஹெரிட் செய்யவே விடாது. இன்ட்டிலிருந்து 'கிலோ' என்று ஒரு கிளாஸ் எழுதி, இரண்டு கிலோவைக் கூட்டிப் பார். வருவது கிலோ அல்ல, வெறும் இன்ட்.

பழைய பைத்தான், குன்னூர்:

கோத்தகிரித் தம்பி, யூசர்டிக்ட்டுக்கு மாறினீர்களே, ஜேசான் (தரவை எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) ஃபைலாக எங்காவது எழுதுகிறீர்களா?

கோத்தகிரிக்காரன்:

ஐயா, இதை நேற்றே கேட்டிருக்கக் கூடாதா? இன்று காலை அதில்தான் புரோகிராம் விழுந்தது. யூசர்டிக்ட் டிக்ட்டின் வாரிசு இல்லை என்பதால் ஜேசான் அதை ஏற்கவில்லை. உள்ளே இருக்கும் டேட்டாவை எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஃபைல் எழுதியது. பாட்டிக்கு இந்த மாதப் பணம் அவர் கணக்கிலேயே விழுந்துவிட்டது. முந்தைய மூன்று மாதத்துப் பணத்தை மகனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.